மேனேஜர் கால் வைக்கலை

— அது நான் வாங்கிக் குடுத்த துண்டுதானே?

— ஆமாங்க அண்ணி. உங்க துண்டுதான்.

— உங்க கல்யாணத்துக்குன்னு கடை கடையா ஏறி இறங்கி வாங்கினது. தண்ணி பட்டா பஞ்சு மாதிரி இழுத்துக்கும்னு கடைக்காரன் அவ்வளவு சொன்னான்.

— அவன் பொய் சொல்லலை. நல்லாத்தான் இழுக்குது. ஏய், அடுத்த காலைக் குடு. அது இல்ல, மத்தது.

— நாய்க் காலைத் துடைக்கிறதுக்கா வாங்கினேன்? தெரியாமத்தான் கேக்கறேன்.

— உடம்பு துடைக்கத்தான் வாங்கினீங்க. இதுவும் உடம்புதானே. கொஞ்சம் தள்ளி உக்காருங்க அண்ணி, உதறினா உங்க மேல தெறிக்கும்.

— அடேங்கப்பா! விரல் விரலாப் பிரிச்சு இல்ல துடைக்கிறா! நான் பெத்த பிள்ளைக்குக்கூட இப்படிப் பண்ணினதில்ல. விடிய விடிய ரயில்ல உக்காந்து வந்திருக்கேன். ஒரு வாய் டீயைக் குடுத்துட்டு, நீ பாட்டுக்கு நாய்க்கு முன்னாடி மண்டி போட்டு உக்காந்துட்டியே.

— ரெண்டு டீ குடுத்தேன் அண்ணி.

— எண்ணிக்கிட்டு வேற இருக்கியா? நல்லா இருக்கு.

— விரல் நடுவுல ஈரம் நின்னா புண்ணாயிடும். மழை நாள்ல ஒரு தடவை அப்படித்தான் ஆச்சு. ஒரு வாரம் நொண்டிக்கிட்டே கிடந்துச்சு. அதுலேருந்து கழுவினா உடனே துடைச்சிடறது.

— மழைக்குச் சரி. இப்ப வெளியில அனல் அடிக்குதே, இப்ப அதோட கால்ல உனக்கு என்ன வேலை?

— வெயில்ல அடிப்பாதம் வெந்துரும். தார் ரோட்டுல பகல்ல நாலு எட்டு வச்சாப் போதும், தோலே கையோட வந்துரும். விடியக்காலம் கூட்டிட்டுப் போயிட்டு வந்துடணும்.

— குளிர் காலத்துலயாவது உனக்கு லீவு உண்டா?

— குளிர்ல வெடிக்கும். படுக்கறதுக்கு முன்னாடி களிம்பு தடவணும். தடவின கையோட நக்கிரும், அதுக்கும் காவல் இருக்கணும்.

— ஆக, வருஷம் பூரா உனக்கு இதே பொழப்பு! ஒரு பள்ளிக்கூடத்தையே கட்டி மேய்க்கிறவ நான். என் டைம்டேபிள்லகூட இவ்வளவு ஒழுங்கு கிடையாது தாயே.

— நகத்தை விட்டுட்டேனே. அது மாசாமாசம்.

— கிண்டலா?

— இல்லீங்க அண்ணி. நீங்க கேட்டீங்க, சொன்னேன்.

— நீ சொல்ற லட்சணத்துலயே தெரியுது. தம்பி போன வாரம் போன்ல சொன்னப்ப நான் நம்பலை. "அக்கா, அவளுக்கு நாயைப் பாக்கவே நேரம் சரியா இருக்கு, முடிஞ்சா அப்பாவைக் கொஞ்ச நாள் நீ கூட்டிட்டுப் போய் வச்சுக்கோ"ன்னான்.

— அவரா சொன்னாரு?

— பின்னே, உன் நாய் மேனேஜரா சொல்லும்?

— போன வாரமா?

— போன வாரம்தான். ஏன், உன்கிட்ட கேட்டுட்டுத்தான் அவன் கூடப்பிறந்தவகிட்ட பேசணுமா?

— இல்லைங்க. பேசட்டும். ஏய், ஆடாம நில்லு. இங்க ஒரு முள்ளு மாதிரித் தெரியுது.

— பேச்சை மாத்தாத. ஞாயித்துக்கிழமையும் அதுவுமா அவன் எங்க?

— வெளியில இருக்காரு.

— வெளியிலன்னா?

— வெளியிலதான் அண்ணி. முள்ளு இல்ல, சின்னக் கல்லு. வந்துருச்சு பாருங்க.

— எனக்கு எதுக்குடி அது? தூரப் போடு! நாய் கால்ல இருந்து எடுத்த கல்லை மூஞ்சிக்கு நேரா நீட்டறா.

— பெரியவளே! கல்லு எவ்வளவு பெருசு? நேத்து வந்ததை விடப் பெருசா?

— பாருங்கப்பா, உள்ள படுத்துக்கிட்டு நீங்களும் இதையே கேளுங்க. பெத்த பொண்ணு ரெண்டு வருஷம் கழிச்சு வந்திருக்கேன். எப்படி இருக்கன்னு கேட்டீங்களா? கல்லைப் பத்திக் கேக்கறீங்க.

— எப்படி இருக்க?

— இப்பக் கேட்டு என்ன பிரயோஜனம்?

— இதுக்குத்தான் கேக்கலை. கிடக்குது விடு.

— முப்பது வருஷம் வீடு வீடாப் போயி கரண்டு மீட்டர் பாத்தவரு நீங்க. உங்களைத் துரத்தாத நாய் இந்த ஊர்ல உண்டாப்பா? நாய்ன்னாலே காறித் துப்புவீங்களே.

— இப்பவும் துப்பத்தான் செய்யறேன். துரத்தினதுக்குக் கணக்கு இல்ல. பல்லு பட்டது நாலு. அதுல ஒண்ணு உன் கல்யாணத்துக்கு முந்தின நாள். நொண்டிக்கிட்டேதான் மாப்பிள்ளையை வரவேத்தேன். ஞாபகம் இருக்கா?

— இருக்கு. அப்படிப்பட்டவரு இப்ப அதுக்கு மேனேஜர்ன்னு பேரு வச்சு வீட்டுக்குள்ள உக்கார வச்சிருக்கீங்க.

— மரியாதைக்கு வச்ச பேரு இல்லம்மா அது. எங்க ஆபீஸ் மேனேஜரை நீ பாத்ததில்ல. பகல் பூரா தூக்கம், சாப்பாட்டு நேரத்துக்கு மட்டும் முழிப்பு. வெளியில போகணும்னா நிழல் பாத்துத்தான் காலை எடுத்து வைப்பாரு. இது வந்த அன்னைக்கே பாத்தேன். அச்சு அசல் அவரேதான்.

— ஏம்மா, கேக்கறேன்ல, உனக்கு இந்த நாய்ப் பைத்தியம் எப்படிப் பிடிச்சுது?

— எனக்கா? எனக்கு நாயே பிடிக்காது அண்ணி.

— என்னது?

— பிடிக்காது. முடி கொட்டும், நாத்தம் அடிக்கும், துணியில எல்லாம் ஏறிப் படுக்கும். வாங்கிட்டு வந்த அன்னைக்கே கொண்டு போய் விட்டுட்டு வாங்கன்னு சண்டை போட்டேன். உங்க தம்பிதான் வாங்கினது. ஆசையா இருக்குன்னாரு.

— அவன் ஆசைப்பட்டு வாங்கினா அவன் பாத்துக்கறான். நீ ஏன் தலையில தூக்கி வச்சுக்கிட்டு ஆடற?

— யாராவது ஆடணுமே அண்ணி.

— நல்லா வாய் நீளுது உனக்கு. முன்னாடி இப்படி இல்ல. ஆமா, இது என்ன? குட்டிக் குட்டியா, பொம்மைக்குத் தைச்ச மாதிரி?

— அதுக்குத் தைச்ச செருப்பு. கம்பெனியில புள்ளைங்க ஸ்கூல் பை தைக்கிறோம்ல, அதுல மிச்சம் விழற துணி.

— செருப்பு! நாய்க்கு! நாலு!

— நாலு கால் இருக்கே.

— அதை ஏன் கேக்கற பெரியவளே! முதல் நாள் மாட்டி விட்டா பாரு, தண்ணி போட்டவன் மாதிரி ஒவ்வொரு காலாத் தூக்கித் தூக்கி வச்சு நடந்துச்சு. தெருவே வாசல்ல வந்து நின்னு சிரிச்சுது. கயித்தைப் பிடிச்சிருந்தவன் நான். என் மானம் போச்சு.

— அப்ப தூக்கிப் போட வேண்டியதுதானே?

— மாட்டறதை நிறுத்திட்டேன் அண்ணி. அதைப் போட்டா அதுக்குச் சூடு தெரிய மாட்டேங்குது.

— சூடு தெரியக் கூடாதுன்னுதானே செருப்பே போடுறது?

— நமக்குத் தெரியக் கூடாது. இதுக்குத் தெரியணும்.

— என்ன உளறலோ, எனக்கு ஒண்ணும் விளங்கலை. சரி, கேளு. அப்பாவோட துணிமணியை மடிச்சு வச்சுட்டேன். மாத்திரை எல்லாம் அந்தப் பையில இருக்கு. டாக்ஸி வாசல்ல வந்து நிக்குது. அவரை இன்னைக்கே கூட்டிட்டுப் போறேன்.

— இன்னைக்கேவா?

— நல்ல நாள் பாத்துட்டு வரணுமா? ஒரு வருஷமா அவருக்குன்னு ஒரு அறையைத் துடைச்சுத் துடைச்சு வச்சிருக்கேன். ஜன்னலைத் திறந்தா காத்து அள்ளிக்கிட்டுப் போகும். கட்டில் புதுசு. மெத்தை புதுசு. எட்டாவது மாடி, லிப்ட் இருக்கு. ஒரு குறை இருக்காது.

— மேனேஜரை விடுவாங்களா அங்க?

— நாயையா? வாசல்லயே போர்டு போட்டிருக்கான் அப்பா, நாய் பூனை கூடாதுன்னு. அதுக்காகவே அந்த வீட்டை எடுத்தேன்.

— அங்க யாரு இருப்பா பகல்ல?

— நான் சாயங்காலம் வந்துருவேன்.

— பகல்ல யாருன்னு கேட்டேன்.

— ஏம்ப்பா, டி.வி. இருக்கு, போன் இருக்கு. இங்க மட்டும் யாரு? இவளும்தான் பை தைக்கப் போயிடறா. உங்களுக்குப் பேச்சுத் துணை ஒரு நாய். உங்களுக்கே அசிங்கமா இல்ல?

— அசிங்கமாத்தான் இருக்கு. ஆனா பதில் பேசாது பாரு, அந்த ஒண்ணு அதுகிட்ட நல்ல குணம்.

— குத்திக் காட்டாதீங்க. பையன் படிக்கப் போயிட்டான். உங்க மாப்பிள்ளை மாசத்துல பாதி நாள் டூர். எட்டாவது மாடியில நானும்தான் சுவரைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கேன். எங்கப்பா வந்து இருக்கட்டும்னு நினைச்சது தப்பா? ஒவ்வொரு தடவை கூப்பிடறப்பவும் ஒரு சாக்கு. வெயில்ன்னீங்க, மழைன்னீங்க, நாய்க்கு உடம்பு சரியில்லைன்னுகூடச் சொன்னீங்க. பெத்த பொண்ணு ஒரு தட்டுல, நாய் ஒரு தட்டுல. நாய்தான் கனமா இருக்கு.

— அப்படி இல்லம்மா பெரியவளே.

— அப்ப கிளம்புங்க.

— மாமா, போகணும்னா போயிட்டு வாங்க. அண்ணி ஆசையாக் கூப்பிடறாங்க.

— பாத்தீங்களா? அவளே வழி விட்டுட்டா. உள்ளுக்குள்ள எவ்வளவு சந்தோஷமோ! எழுந்திருங்கப்பா. இந்த வெக்கையில எதுக்கு இந்த வெள்ளை சாக்ஸ்? அவுத்துடுங்க.

— அது இருக்கட்டும்.

— கழட்டாதீங்க அண்ணி. வெள்ளையா இருந்தாத்தான் எங்கயாவது பட்டா கறை தெரியும்.

— எங்க என்ன படப் போகுது? ராஜ வம்சமா, பாதத்துக்கு வெள்ளைப் பட்டு? சரி, சாக்ஸோடயே வாங்க. கையைக் குடுங்க.

— செருப்பை மாட்டிட்டுப் போங்க மாமா. அந்தக் கறுப்பு, பெல்ட் வச்சது. இருங்க, நான் மாட்டி விடறேன்.

— அய்யோ, அந்தப் பூட்ஸா? அதுக்கு மூணு பெல்ட்டு, ரெண்டு கொக்கி. மாட்டி முடிக்கறதுக்குள்ள டாக்ஸிக்காரன் போயிருவான். வாசல்லேருந்து வண்டிக்குப் பத்தடி. பையில போடு, ரயில்ல மாட்டிக்கலாம்.

— பத்தடின்னாலும் வேண்டாம் அண்ணி. உச்சி வெயில்.

— உன் நாய்க்குத் தைச்சியே, அதுல ரெண்டை எடுத்து இவருக்கு மாட்டேன்! நகரு. வாங்கப்பா.

— இரு. இரும்மா.

— என்ன இப்ப?

— மேனேஜர் படியிலேயே நின்னுட்டான் பாரு. கால் வைக்கலை.

— அது கால் வைக்கலைன்னா?

— அது வைக்கலைன்னா நான் வைக்கறதில்ல.

— கேட்டியா கதையை! எங்கப்பாவை இந்த நிலைமைக்குக் கொண்டு வந்து வச்சிருக்க. ஒரு காலத்துல இவரு வர்றாருன்னா தெருவே எழுந்து நிக்கும். இப்ப நாய் உத்தரவு குடுத்தாத்தான் வாசப்படியைத் தாண்டணுமாம். ஏய், சீ! நகரு! குறுக்க நிக்குது பாரு. வாங்கப்பா, என் தோளைப் பிடிச்சுக்கோங்க. ஒண்ணு. ரெண்டு. அவ்வளவுதான். நின்னாச்சு பாருங்க. டிரைவர், டிக்கியைத் திறங்க!

— அண்ணி, அவரை உள்ள கூட்டிட்டு வாங்க. அது சாக்கடை மூடி. இரும்பு.

— என்ன ஆயிடுச்சு இப்ப? அப்பா, சுடுதா உங்களுக்கு?

— இல்லையே. சுடலையே.

— கேட்டுக்கோ, சுடலையாம்! டிரைவர், அந்தப் பெட்டியை அடியில போடுங்க, இந்தப் பையை மேல. நசுங்கக் கூடாது. அது ஏன் இப்படிக் கத்துது? அதைப் பிடிச்சுக் கட்டேன்!

— அவருக்குச் சுடாது அண்ணி.

— அதைத்தானே நானும் சொல்றேன்.

— நீங்க சொல்றது வேற. குனிஞ்சு அந்த மூடியில கையை வச்சுப் பாருங்க. புறங்கையை வையுங்க. அவரு கால் பக்கத்துலயே வையுங்க.

— எதுக்கு? இதோ வச்சுட்... ஆ! அம்மா! கை! அய்யோ, அப்பா, தள்ளுங்க! காலை எடுங்க! அதுல எப்படிப்பா நிக்கறீங்க!

— மாமா, என் மேல சாஞ்சுக்கோங்க. அண்ணி, அந்தப் பக்கம் பிடிங்க. தூக்கிருவோம். மெதுவா. படி. இன்னொரு படி. நாற்காலியில உக்கார வையுங்க.

— எதுக்கு ரெண்டு பேரும் இந்த ஆட்டம் ஆடறீங்க? எனக்கு ஒண்ணும் இல்ல.

— ஒண்ணும் இல்லைன்னுதான் எப்பவும் சொல்வீங்க. அண்ணி, பக்கெட்ல தண்ணி பிடிங்க. சாதாரணத் தண்ணி, ஐஸ் வேண்டாம். மேனேஜரே, நீ தள்ளு. உன்னை யாரும் குறை சொல்லலை, தள்ளு.

— இந்தா தண்ணி. என் கை எரியுது. ஒரு நொடி வச்ச என் கை இப்படி எரியுது, இவரு அங்க நின்னுக்கிட்டு... ஏம்ப்பா, ஏன் சொல்லலை?

— தெரிஞ்சாத்தானேம்மா சொல்றதுக்கு.

— தெரிஞ்சாத்தானேன்னா?

— முழங்காலுக்குக் கீழ கொஞ்ச நாளா எதுவும் தெரியறதில்ல. கால் இருக்குன்னு தெரியும், கண்ணால பாக்கறேன் இல்ல. அது என்ன சொல்லுதுன்னு தெரியாது. சர்க்கரை பண்ற வேலை.

— சர்க்கரை இருக்குன்னு எனக்குத் தெரியும். இது எனக்கு யாரும் சொல்லலை.

— இப்ப விளங்குதா அண்ணி, அதுக்குச் செருப்பு ஏன் நிறுத்தினேன்னு? அவரு நடக்காம இருக்க மாட்டாரு. எத்தனையோ சொல்லிப் பாத்தாச்சு. நடந்து பழகின ஆளு, ரெண்டு நாள் உக்காந்தா மூணாம் நாள் சுவரோட சண்டை போடுவாரு. அது முன்னாடி போகும். தரை சுட்டா நிக்கும், கண்ணாடி கிடந்தா சுத்திப் போகும். யாரும் சொல்லிக் குடுக்கலை. அதோட கால் அதுக்கு வலிக்கும், அவ்வளவுதான். அதுக்குச் செருப்பு மாட்டிட்டா அப்புறம் இவருக்கு யாரு சொல்றது?

— அதனாலதான்...

— அதனாலதான் அதோட காலை ஒழுங்கா வச்சிருக்கேன். வெடிச்சுப் போயி, மரத்துப் போயி, அதுவும் இவரை மாதிரி ஆயிடுச்சுன்னா, ரெண்டு மரத்த காலுங்களைத் தெருவுல விட்டுட்டு நான் எப்படிப் பை தைக்கப் போறது? ஆசையும் இல்ல, பாசமும் இல்ல. எனக்கு நாய் பிடிக்காதுன்னு சொன்னேன்ல.

— ம்க்கும். பிடிக்காதாம். ராத்திரி லைட்டை அணைச்சப்புறம் வந்து பாரு பெரியவளே, யாரு மடியில யாரு படுத்திருக்காங்கன்னு.

— மாமா, காலைத் தூக்குங்க. சாக்ஸை எடுக்கணும்.

— என் காலை யாரும் பாக்க வேண்டாம்.

— நான் பாக்கறதுதானே. நாய்க்கு ஞாயித்துக்கிழமை பாத்தா கையோட உங்களுக்கும் பாக்கறதுதானே. இன்னைக்கு மட்டும் என்ன வெட்கம்? அண்ணி, முதல்ல காலைத் தரவே மாட்டாரு. மருமக கையில காலைக் குடுக்கறதான்னு ஒரே வீம்பு. ஒரு நாள் இதுக்குக் களிம்பு தடவிக்கிட்டிருக்கேன், பக்கத்துல வந்து உக்காந்து, "அதுக்கு மட்டும்தானா"ன்னு காலை நீட்டினாரு.

— நான் அப்படிச் சொல்லவே இல்ல. நாய் மேல பொறாமைப்படற அளவுக்கா நான் போயிட்டேன்?

— நான் கழட்டறேன். விடு, நான் கழட்டறேன். நானும் பொண்ணுதான்... பாத்துப்பா... செவந்து போயிருக்கே. இந்த ஓரத்துல கொப்புளம் கிளம்புதும்மா. என்னாலதான். நான்தான் இழுத்துக்கிட்டுப் போய் அதுல நிறுத்தினேன்.

— உடைக்காதீங்க. அப்படியே தண்ணியில இருக்கட்டும். அப்புறம் டாக்டர்கிட்டப் போயிடலாம். வாசல்ல வண்டி நிக்குதே, நல்லதாப் போச்சு.

— இந்தக் காலையும் காட்டுங்கப்பா.

— அந்தக் கால் வேண்டாம். அது மூடி மேல படவே இல்ல.

— காட்டுங்கன்னா. இது என்னப்பா?

— என்ன?

— சுண்டு விரல் எங்க?

— அண்ணி, முதல்ல இந்தக் காலை...

— உன்கிட்டக் கேக்கலை. அப்பா, இந்தக் கால்ல சுண்டு விரல் எங்கப்பா?

— ஆஸ்பத்திரியில கேட்டாங்க. குடுத்துட்டேன்.

— விளையாடாதீங்க!

— போன மழையில அண்ணி. செருப்பைத் துளைச்சுக்கிட்டு ஆணி ஏறியிருக்கு. அது தெரியாம அதோட நடந்தே வீட்டுக்கு வந்திருக்காரு. மேனேஜர்தான் அவரு கால்கிட்டயே மோந்துக்கிட்டு, முனகிக்கிட்டு நின்னுச்சு. என்னான்னு பாக்க விடவே இல்ல அவரு. காலே வீங்கினப்புறம்தான் காட்டினாரு. விரலோட போச்சுன்னு டாக்டர் சொன்னாரு. அப்பலேருந்துதான் வெள்ளை சாக்ஸ்.

— போன மழையா! எத்தனை தடவை போன் பண்ணியிருப்பேன் அதுக்கப்புறம்? "நல்லா இருக்கேன், நல்லா இருக்கேன்"னு அப்படியே ஒப்பிச்சீங்களே!

— நல்லாத்தானே இருக்கேன். ஒம்போது மிச்சம் இருக்கே.

— எனக்கு ஏன் சொல்லலை? நான் யாரு உங்களுக்கு? மூணாவது மனுஷியா?

— சொல்ல வேண்டாம்னு நான்தான் இவகிட்ட வாக்கு வாங்கினேன். சொன்னா நீ ஓடி வருவ. வந்தா எல்லாத்தையும் பாப்ப.

— பாத்தா என்ன? பாக்கக் கூடாதது என்ன இருக்கு இந்த வீட்டுல? இவளைச் சொல்லிக் குத்தமில்ல. உங்களைச் சொல்லியும் குத்தமில்ல. அவனைச் சொல்லணும். போன வாரம் என்கிட்ட வாய் கூசாம சொல்றான், "அப்பாவுக்கு என்ன, நாயோட ராஜா மாதிரி நடந்துக்கிட்டிருக்காரு"ன்னு. ஒரே வீட்டுல தின்னு தூங்கறவனுக்கு, பெத்த அப்பன் கால்ல ஒரு விரல் இல்லைன்னு தெரியாதா?

— அண்ணி, விடுங்க. டாக்டர்கிட்டப் போயிட்டு வந்து பேசிக்கலாம்.

— என்னத்தை விடறது? எப்பவும் நீ அவனுக்குப் பரிஞ்சு பேசிப் பேசித்தான் அவன் இப்படி ஆனான். காலையிலேருந்து கேக்கறேன், வெளியில, வெளியிலன்னு மழுப்பற. ஞாயித்துக்கிழமை அப்படி என்ன வெளியில? வரட்டும். அவன் வீட்டு நடுவுலயே நிக்க வச்சுக் கேக்கறேன்.

— வர மாட்டான்.

— ஏன் வர மாட்டான்? நான் வந்திருக்கேன்னு சொல்லுங்க. அக்கா வந்திருக்கான்னா ஓடி வருவான்.

— மாமா, வேண்டாம். சொல்ல மாட்டேன்னு பேசிக்கிட்டோம்ல.

— வாக்குக் குடுத்தது நீ. நான் குடுக்கலையே.

— என்னப்பா ரெண்டு பேரும் மூஞ்சியை மூஞ்சியைப் பாத்துக்கறீங்க? அவனுக்கு என்ன? உடம்புக்கு ஏதாவதா?

— அவனுக்கு ஒரு கேடும் இல்ல. இத்தனை நேரம் இவளை நிக்க வச்சு நீ கேட்ட கேள்விக்கெல்லாம் இவ ஏன் வாயை மூடிக்கிட்டு இருந்தான்னு தெரியணும் உனக்கு. பெத்த பையன் இப்படிப் பண்ணிட்டான்னு எந்த வாயால பொண்ணுகிட்டச் சொல்றதுன்னு நான்தான் அடக்கி வச்சிருந்தேன்.

— அப்பா, பயமா இருக்கு. சொல்லுங்க.

— கோர்ட்ல எழுதிக் குடுத்து இவளைத் தலை முழுகிட்டு அவன் போயி, இது ரெண்டாவது வெயில். இது அவன் வீடு இல்ல, வீடு மாறிட்டோம்னு மட்டும் உன்கிட்டச் சொன்னோமே, அவன் போனப்புறம் இவ பிடிச்ச வீடு. இவ எனக்கு மருமகளும் இல்ல, உன்னை அண்ணின்னு கூப்பிடணும்னு இவளுக்குத் தலையெழுத்தும் இல்ல. பெட்டியை மட்டும் எடுத்துக்கிட்டுப் போனான் உன் தம்பி. இவ தலையில விட்டுட்டுப் போனது மொத்தம் ஆறு காலு பெரியவளே, அதுல நாலுதான் நாயோடது.